ஓடுகிற காலுக்கும் ஒரு புயல் கூண்டு!

தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஊருக்கே செய்தி தெரிந்துவிடும்.

கடலில் புயல் சின்னம் தோன்றினால் வானிலை நிலையம் துறைமுகத்துக்குத் தகவல் கொடுக்கும். உடனே கூண்டு ஏறும். பகலில் கூண்டு; இரவில் விளக்கு. 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்று பொருள்.

மீனவர்கள் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். பெரிய கப்பலின் மாலுமியும் அந்த எண்ணைப் பார்த்து நடந்துகொள்வார். "எனக்குக் கடல் தெரியும், நான் போவேன்" என்று யாரும் வீம்பு பேசுவதில்லை.

ஆனால் அதே ஊரில், மறுநாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு, ஒரு வாலிபன் ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறான். வானம் கறுத்திருக்கிறது. தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வாசலில் நின்று தாய் தடுக்கிறாள்.

"ஏலே, மழை கறுத்துக்கிட்டு வருது. இன்னைக்கு ஓட்டம் வேண்டாம்."

"போலீஸ் தேர்வு வருதும்மா. ஒரு நாள் விட்டா எல்லாம் போச்சு!"

மகன் இருட்டில் மறைந்துவிடுகிறான். அவன் திரும்பி வரும்வரை தாய் வாசலிலேயே நிற்கிறாள்.

இந்தக் காட்சி ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. ஐப்பசி முதல் தை வரை பல வீடுகளில் நடப்பது. தாய் சொல்வதும் நியாயம். மகன் சொல்வதும் நியாயம். இருவருக்கும் நடுவே ஒரு வழி இல்லையா?

இருக்கிறது. கப்பலுக்கு ஒரு கூண்டு இருப்பதுபோல, ஓடுகிற காலுக்கும் ஒரு கூண்டு வேண்டும். எப்போது ஓடலாம், எப்போது மெதுவாக ஓடலாம், எப்போது நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் நிதானம்.

பனி இல்லாத ஊரின் குளிர்காலம்

தூத்துக்குடியில் பனிமய மாதா ஆலயம் புகழ் பெற்றது. ரோமாபுரியில் கோடைக்காலமான ஆகஸ்டு மாதத்தில் பனிக்கட்டி மழை பொழிந்தது என்ற பழங்கதையிலிருந்து வந்த பெயர் அது. அதனால்தான் திருவிழாவும் ஆகஸ்டு 5-ந் தேதி நடக்கிறது.

மாதாவின் பெயரில் பனி உண்டே தவிர, ஊரில் உறைபனி கிடையாது. மேல்நாட்டில் குளிர்காலம் என்றால் சாலையெங்கும் பனிக்கட்டி. அங்கே ஓடுபவர் கம்பளிச் சட்டை போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு ஓடுவார். அந்த அறிவுரைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பயன் இல்லை.

இந்தக் கரையில் குளிர்காலம் என்பது மூன்று சங்கதிகள்: இருட்டு, ஈரம், இடி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. அதன் பின் மார்கழிப் பனியும், தை மாதத்து நீண்ட இரவும். ஓடுபவருக்கு வெயிலின் தொல்லை இல்லாத நல்ல காலம் இதுதான். கவனம் மிகவும் வேண்டிய காலமும் இதுதான்.

கடிகாரம் மாறவில்லை, சூரியன் மாறிவிட்டது!

மே மாதக் கடைசியில் தூத்துக்குடியில் காலை 6 மணிக்குச் சற்று முன்பே சூரியன் உதித்துவிடும். ஐந்தரை மணிக்கே கிழக்கு வெளுத்துவிடும். பாதை தெரியும், குழி தெரியும், எதிரே வருபவரின் முகம் தெரியும்.

ஜனவரியில் சூரியன் உதிக்க 6 மணி 35 நிமிடம் ஆகிவிடுகிறது. அப்போது ஐந்தரை மணி என்பது நல்ல இருட்டு.

ஓடுபவர் பலர் இதைக் கவனிப்பதில்லை. மே மாதம் வைத்த அலாரம் ஜனவரியிலும் அதே நேரத்தில் அடிக்கிறது. காலும் அதே சாலைக்குப் போகிறது. ஆனால் அது அதே சாலை அல்ல.

தூத்துக்குடி துறைமுக நகரம். உப்பு ஏற்றிய லாரியும், கன்டெய்னர் ஏற்றிய நீண்ட லாரியும் இரவும் பகலும் ஓடுகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். ஓட்டுநர் ஆளைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைக்கவே ஒரு விநாடிக்கு மேல் ஆகலாம். மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்தால் கேட்கவே வேண்டாம். கறுப்புச் சட்டை போட்டு ஓடுபவர் அவர் கண்ணில் படுவதே கடைசி நேரத்தில்தான்.

பவுஜா சிங் என்ற பஞ்சாபிப் பெரியவரை உலகமே அறியும். 89-வது வயதில் லண்டன் மாரத்தானில் ஓடினார். 2011-ல், தமது 100-வது வயதில், கனடாவின் டொரண்டோ நகரில் 42 கிலோமீட்டர் தூரத்தையும் ஓடி முடித்தார். முதுமை அவரை நிறுத்தவில்லை. ஆனால் 2025 ஜூலை 14-ந் தேதி, ஜலந்தர் அருகே சொந்த ஊரில், பகல் நேரத்தில் சாலையில் வாகனம் மோதி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 114.

நூறு வயதைக் கடந்த கால்களைச் சாய்த்தது சாலை! பகலிலேயே இப்படி என்றால் இருட்டில் எவ்வளவு கவனம் வேண்டும்?

ஆகவே முதல் விதி: வெளிச்சம் வந்த பிறகு ஓடுங்கள். அரை மணி நேரம் தள்ளிப் போனால் குடி முழுகிப் போகாது.

வேலைக்குப் போக வேண்டும், இருட்டில்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்கள் லாரிச் சாலையை விட்டு மைதானத்துக்குப் போகட்டும். சாலையில்தான் ஓடியாக வேண்டும் என்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். முதுகுப் பக்கம் வரும் வண்டியை யாரும் பார்க்க முடியாது அல்லவா?

வெளிர் நிறச் சட்டை நல்லது. வெளிச்சம் பட்டால் மின்னும் ஒளிர்பட்டை அதைவிட நல்லது. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்களின் பைகளில் போலீசார் இந்தப் பட்டையை ஒட்டிவிடுவது உண்டு. முருகனைக் காண நடப்பவருக்கு உதவும் பட்டை, வேலைக்காக ஓடுபவருக்கும் உதவும். விலையும் அதிகமில்லை.

காதில் பாட்டுக் கருவி மட்டும் வேண்டாம். இருட்டில் கண் பாதி வேலைதான் செய்யும். மீதி வேலையைக் காதுதான் செய்ய வேண்டும்.

ஈரத் தரை ஏமாற்றும்

முதல் மழை பெய்ததும் சாலை கழுவிவிட்டதுபோல் பளபளக்கும். அந்தப் பளபளப்பை நம்பக்கூடாது. பல நாளாகச் சாலையில் சிந்திய எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும். நன்றாகப் பெய்து கழுவிப் போன பிறகுதான் தரை காலுக்குப் பிடி கொடுக்கும்.

சாக்கடை மேல் போட்ட இரும்பு மூடி, சாலையில் அடித்த வெள்ளைக் கோடு, உதிர்ந்த இலை, பாசி பிடித்த சிமெண்டுத் தரை: நான்கும் வழுக்கும் இடங்கள்.

உப்பளப் பகுதியில் ஓடுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். கோடையில் கல்போல் இறுகிக் கிடக்கும் பாத்தி வரப்பு, மழையில் களியாகிவிடும். வேகமாகக் காலை வைத்தால் ஆள் பாத்திக்குள் கிடப்பார்.

ஈரத்தில் எட்டி எட்டி ஓடக்கூடாது. அடியைச் சுருக்கி, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி ஓட வேண்டும். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடிப்பாகம் தேய்ந்த ஷூவை மழைக்காலத்தில் போடக்கூடாது. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்களும் தேங்கிய தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. உள்ளே கிடக்கும் கண்ணாடித் துண்டு கண்ணுக்குத் தெரியாது.

நனைந்த ஷூவை அடுப்பருகே வைத்துக் காயவைப்பது தவறு; ஒட்டுப் பிரிந்துவிடும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கால் விரல் இடுக்கையும் துடைத்து உலர வைத்தால் சேற்றுப்புண் வராது.

இடிக்கு வீரம் தெரியாது

கடற்கரையிலும் உப்பளத்திலும் மரமில்லை, கட்டடமில்லை. நாலாபுறமும் வெட்டவெளி. அங்கே ஓடும்போது மனிதன்தான் உயரமான பொருள். மின்னல் உயரமான பொருளைத்தான் தேடி வரும்.

மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணுங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து அருகில் இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தனி மரத்தடியில், அதிலும் ஒற்றைப் பனைமரத்தின் கீழ், ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.

மின்னல் எச்சரிக்கை தருவதற்கென்றே மத்திய அரசின் விஞ்ஞானிகள் 'தாமினி' என்ற செல்போன் செயலியைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் செல்போனில் அது இருந்தால் போதும். புறப்படும் முன் ஒரு முறை பார்த்துவிடலாம்.

வெள்ளத்தைப் பற்றி இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழையைவிட அது அதிகம்! ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரெயில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கி நின்றது. இரும்புப் பாதையின் அடியிலிருந்த மண்ணையே தண்ணீர் அரித்துப் போயிற்று.

இரும்புத் தண்டவாளமே தாங்காத வெள்ளத்தை மனிதக் கால் தாங்குமா? கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிட வேண்டும். "நேற்று ஓடிய பாதைதானே" என்ற நினைப்பு வேண்டாம். நேற்று இருந்த சாலை இன்று தண்ணீருக்கு அடியில் இல்லாமல் போயிருக்கலாம்.

நனைந்த சட்டையும் பகைதான்

2021 மே 22-ந் தேதி சீனாவின் கான்சு மாநிலத்தில், மலைப் பாதையில் 100 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடந்தது. 172 பேர் கலந்துகொண்டார்கள். பலர் மெல்லிய சட்டையும் அரைக்கால் சட்டையுமாகப் புறப்பட்டார்கள். நண்பகலில் திடீரென்று ஆலங்கட்டியும் பனிமழையும் சூறைக்காற்றும் தாக்கின. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் தேர்ந்த ஓட்டக்காரர்களும் உண்டு. உடல் நனைந்து, காற்றில் சூடு இழந்து, விறைத்துப் போனதே காரணம்.

தூத்துக்குடியில் அந்த அளவு குளிர் வராது. பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதன் பாடம் இங்கும் பொருந்தும்: குளிரைவிட, ஈரமும் காற்றும் சேர்வதுதான் கெடுதல். ஓடும்போது உடம்பு சூடாக இருக்கும், ஒன்றும் தெரியாது. ஓட்டம் நின்று, நனைந்த சட்டையோடு கடற்காற்றில் நின்று பேசினால் நடுக்கம் எடுக்கும். ஆகவே ஒரு உலர்ந்த சட்டையும் துண்டும் பையில் இருக்கட்டும். ஓடி முடித்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குடிப்பதையும் மறக்கக்கூடாது. குளிர்ந்த நாளில் தாகம் அதிகம் தெரியாது. வேர்வையும் மழையும் ஒன்றாகிவிடுவதால் எவ்வளவு வேர்த்தது என்றும் தெரியாது.

புறப்பட்டதுமே பாய்ந்து ஓடுவதும் தவறு. பத்து நிமிடம் நடந்து, மெல்ல ஓடி, தசைக்குச் சூடு ஏற்றிய பிறகே வேகம் எடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. காலைக் குளிர் இரத்த நாளத்தைச் சுருக்கும். இரத்த அழுத்தம் கூடும். இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடக்கூடாது. வெயில் ஏறிய பின் நடந்தாலே போதும். மார்பில் வலி, இடது கையில் வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல்: இவற்றில் எது வந்தாலும் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். அருகில் இருப்பவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் பனிமூட்டமும் புகையும் கலந்த காலையில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யலாம்.

முத்துக்குளித்தவர் கண்ட வழி

இந்தக் கரைக்குப் புகழ் தந்தது முத்து. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அந்தத் தொழில் போய்விட்டது. அதன் அறிவு போகக்கூடாது.

முத்துக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போவார். சிப்பிகளை அள்ளுவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். கீழேயிருந்து குறிப்பு வந்ததும் இழுத்து மேலே ஏற்றுவார். கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் யாரும் குதித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. முத்துக்குளிப்பு நடந்தது மார்ச், ஏப்ரல் மாதங்களில். கடல் அமைதியாக இருக்கும் காலம் அது. வடகிழக்குக் காற்று வீசும் காலத்தில் முத்து இருக்கிறதே என்று யாரும் குதிக்கவில்லை. காத்திருந்தார்கள்.

உப்பளத்திலும் அதே கதைதான். மழை தொடங்கியதும் உப்பு எடுப்பது நின்றுவிடும். குவித்த உப்பை மூடி வைத்துவிட்டு, வெயில் திரும்பும்வரை காத்திருப்பார்கள். மழையோடு சண்டை போட்டு யாரும் உப்பு விளைவித்ததில்லை.

ஓடுபவரும் இதிலிருந்து இரண்டு பாடம் கற்கலாம்.

ஒன்று: தனியாகப் போகாதீர்கள். இருவராக, மூவராக ஓடுங்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்குவார். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வாசலில் நிற்கும் தாய்தான் கயிறு பிடித்திருப்பவர். கயிற்றின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவது மகனின் கடமை.

இரண்டு: காத்திருக்கப் பழகுங்கள்.

ஒரு நாள் விட்டால் போய்விடுமா?

தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சில நிமிடங்களில்தான் குடும்பத்தின் எதிர்காலமே இருக்கிறது. "ஒரு நாள்கூட விடமாட்டேன்" என்று அவன் துடிப்பதில் வியப்பில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் பழகிய உடம்பு இரண்டு மூன்று நாள் ஓய்வில் வலுவை இழந்துவிடாது. ஓய்வில் தசை தேறவும் செய்யும். ஆனால் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தால் ஆறு வாரத்துக்குக் குறையாது. அதன் பிறகும் பழைய வேகம் வர மாதங்கள் ஆகும். தேர்வு அதுவரை காத்திருக்காது!

ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு ஆண்டை இழக்கலாமா?

மழை நாளில் சும்மா இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வீட்டுத் திண்ணையில் நின்ற இடத்திலேயே ஓடலாம். தண்டால், பஸ்கி எடுக்கலாம். படிக்கட்டு உலர்ந்திருந்தால் மெதுவாக ஏறி இறங்கலாம். காலின் வலுவைக் காக்க இவை போதும்.

ஊரின் கடமை

ஓடுபவர் மட்டும் திருந்தினால் போதாது. ஊரும் கொஞ்சம் உதவ வேண்டும்.

தருவை மைதானம் போன்ற இடங்களில் மழைக்கால மாதங்களில் அதிகாலையிலேயே விளக்கு எரியட்டும், கதவு திறந்திருக்கட்டும். மைதானத்தில் வெளிச்சம் இருந்தால் பிள்ளைகள் லாரிச் சாலையைத் தேடிப் போக மாட்டார்கள். திறந்து கிடக்கும் சாக்கடையை மழைக்கு முன்பே மூடுவதும், மழைநீர் வடியும் வாய்க்காலைத் தூர் வாருவதும் ஓடுபவருக்கு மட்டுமல்ல, பள்ளிக்கு நடக்கும் குழந்தைக்கும் நன்மை. லாரி ஓட்டும் சகோதரர்களும் எதிரே ஆள் தெரிந்ததும் முகப்பு விளக்கைத் தாழ்த்தினால் ஓடுபவரின் கண் கூசாது.

ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்குச் செய்யும் செலவில் வெளிச்சத்துக்குச் செய்யும் செலவு வீண் போவதில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் இன்றே ஒரு கூண்டு ஏற்றிவையுங்கள். பெரிய செலவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் மூன்று வரி எழுதி ஒட்டினால் போதும்.

தூறல் என்றால் மெதுவாக ஓடு.

இருட்டு என்றால் விடியட்டும்.

இடியோ வெள்ளமோ என்றால் நில்.

இந்த மூன்று வரியைத் தாயும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். பிறகு வாசலில் வாக்குவாதம் இருக்காது. புயல் கடந்ததும் துறைமுகத்தில் கூண்டு இறங்கும், கப்பல் புறப்படும். மழை விட்டதும், கிழக்கு வெளுத்ததும், பிள்ளையும் ஓடட்டும்.

கரையில் காத்திருந்த கப்பல் தோற்றுவிட்டது என்று யாராவது சொல்வார்களா?